மும்தாஜ் அக்கா விட்ட நூல்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு நூல் பிடிபட்டது.

ஆமாம், ஒரே ஒரு நூல். ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒரு டி-ஷர்ட்டை உருவினார். அதன் கழுத்துப் பட்டை முடிகிற இடத்தில் ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் துணியை மேஜையில் விரித்தார், நூலை விரலால் நேராக நீவிவிட்டார், என்னைப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்... வாரத்தில் ஒருநாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அதாவது, அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் மனைவியின் கருத்து.

முதலாளி வந்தார். கொங்கு நாட்டு மனிதர். கோபத்திலும் மரியாதை குறையாது. ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, இதை யாருங்க தச்சது?"

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னால் உங்களை ஜப்பானுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். இரண்டு கலைஞர்கள், ஒரு செக்கர். மனைவி ஜெசி துணியில் படைப்புகள் செய்கிறவள். கட்டிங்கில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, சுவரில் மாட்டுகிற மாதிரி ஏதேதோ செய்வாள். மகள் ரூத் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். கார்ட்டூன் பார்த்தே ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டவள் என்பது அவளுடைய கூடுதல் தகுதி. நானோ, ஓவியத்தைப் பார்த்தால் முதலில் ஃபிரேம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிற ஜாதி.

ஜப்பானில் மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே மோரி என்கிற அம்மையார் வெளிநாட்டுக் கலைஞர்களை அழைத்துத் தன் வீட்டில் தங்கவைத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் கண்காட்சி நடத்துகிறார். ஜெசியின் வேலையைப் போட்டோவில் பார்த்துவிட்டு டிசம்பருக்கு வரச் சொன்னார். மூன்று ஊர், மூன்று கண்காட்சி. கடைசிக் கண்காட்சி கிறிஸ்துமஸ் அன்று தொடக்கம்.

"கிறிஸ்துமஸுக்கு ஊர்ல இல்லாமலா?" என்று ஜெசி தயங்கினாள். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இருபது வருஷமாக அவளோடு சேர்ந்து நானும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறேன், என்னோடு சேர்ந்து அவளும் பொங்கல் வைக்கிறாள். கடைசியில் ரூத்தான் முடிவெடுத்தாள். நாங்கள் ஸ்வெட்டர் வாங்கப் போனோம்.

இப்போது ஜெசி கொண்டுபோன படைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் தைக்கிற பன்னிரண்டு பெண்களிடம் ஆளுக்கு ஒரு துணி கொடுத்தாள். கதவு உயரத்துக்கு ஒரு துணி. துண்டுகளை இணைத்து வழக்கம்போலத் தையுங்கள், ஆனால் ஓரத்தில் நூலை வெட்டாதீர்கள் என்றாள். வெள்ளைத் துணி, கறுப்பு நூல். அவ்வளவுதான்.

தைத்து முடித்ததும் மிஷினிலிருந்து துணியை இழுத்து நூலை அறுக்கிறோம் இல்லையா? அப்போது துணியின் முனையில் கொஞ்சம் நூல் மிச்சம் நிற்கும். அதைத்தான் நாங்கள் பிசிறு என்போம். ஒருத்தர் இரண்டு விரல் விடுவார், ஒருத்தர் நாலு விரல். நாள் பூராத் தைத்தாலும் அவரவர் அளவு மாறாது. "இதுதாங்க அவங்க கையெழுத்து. ஒவ்வொரு சட்டையிலயும் போடுறாங்க. நீங்க ஒண்ணு விடாம வெட்டி அனுப்புறீங்க" என்றாள் ஜெசி.

இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த பிசிறுக்கு இப்படியொரு அர்த்தமா? நான் தலையை ஆட்டிவைத்தேன்.

பன்னிரண்டு பேருக்கும் ஜெசி ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு நூலில்கூடக் கத்திரி படாது. கடைசிக் கண்காட்சி தொடங்குகிற கிறிஸ்துமஸ் அன்று, ஒவ்வொருவர் துணிக்கு முன்னாலும் ஆட்கள் நின்று பார்க்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புவாள். மண்ணரையிலிருந்து வரும் மும்தாஜ் அக்கா இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். வீட்டில் நம்பமாட்டார்களாம்.

மும்தாஜ் அக்காவுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. மற்றவர்கள் விரல் கணக்கில் நூல் விட்டால், அவர் ஜாண் கணக்கில் விடுவார். "அக்கா, நூல் என்ன காத்துலயா வருது?" என்று பத்து வருஷமாகக் கேட்டிருக்கிறேன். தையல் லைனில் எல்லாரும் கேட்கும்படிதான். அவரும் பத்து வருஷமாக "சரிங்க சார்" என்றிருக்கிறார். நூலின் நீளம் மட்டும் குறையவில்லை.

முதல் கண்காட்சி ஒரு பழைய ஆரம்பப் பள்ளியில். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்ட பள்ளி. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ், எங்கள் காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். வந்த ஒரு பெரியவர் பன்னிரண்டு துணிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நூலை வெட்டி வேலையை எப்போது முடிப்பீர்கள் என்று ரூத்திடம் கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நாட்டிலும் என் கட்சிக்கு ஒரு ஆள்.

இரண்டாவது கண்காட்சி, வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதியின் நடைவழியில். அங்கே எனக்கு ஒரு கஷ்டம் ஆரம்பித்தது. துணிகளைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் வலது கை தானாகப் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. அங்கே எப்போதும் ஒரு ட்ரிம்மர் இருக்கும். இடுக்கி போல இருக்கிற, நூல் வெட்டும் சின்னக் கத்திரி. கோவை ஏர்போர்ட்டிலேயே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கெட் காலி. கை மட்டும் போய்ப் போய் வந்தது.

சிகரெட்டை விட்டவர்களுக்கு இது புரியும்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை வந்தது.

மூன்றாவது கண்காட்சி மோரி அம்மையாரின் வீட்டை ஒட்டிய பழைய நெல் கிடங்கில். துணிகளை மாட்டியாகிவிட்டது. ஜெசியும் ரூத்தும் மோரியோடு கேக் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது, சர்ச் கிடையாது. ஆனால் ஸ்ட்ராபெர்ரி வைத்த கேக்கும், பொரித்த கோழியும் கட்டாயம். கோழிக்கு நவம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டுமாம். இயேசு பிறந்தது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் என்ன சாப்பிடுவது என்பதில் தெளிவாக இருக்கிறார்கள்.

நான் தனியாக இருந்தேன். கிடங்கில் ஆணி தேடி ஒரு அலமாரியைத் திறந்தேன். உள்ளே தையல் பெட்டி. அதற்குள்ளே... ட்ரிம்மர்.

அதே இடுக்கி வடிவம், அதே அளவு. கறுத்த இரும்பு. அவர்கள் ஊரில் காலங்காலமாகப் புழங்குகிற நூல் கத்திரியாம், பிறகு தெரிந்தது. எடுத்துக் கையில் வைத்தேன். உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, கை செய்தது என்று சொல்வதா?

அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஒரு துணிக்கு முன்னால் நான் நின்றதுதான். சுத்தமான துணி. ஒரு நூல் இல்லை. வெட்டிய நூல்கள் எல்லாம் என் இடது முஷ்டிக்குள். தரையில் போடக்கூடாது என்பது நான் செக்கிங் பெண்களுக்குப் போட்ட சட்டம். பன்னிரண்டில் எந்தத் துணிக்குக் கை போயிருக்கும் என்று கேட்க வேண்டுமா? இருப்பதிலேயே நீளமான பிசிறு தொங்கிய துணிக்கு.

கேக்கோடு வந்த ஜெசி துணியைப் பார்த்தாள். என் முஷ்டியைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவள் பேச்சில் பாதி திருப்பூராகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் சொந்த ஊர் திரும்பி வந்துவிடும்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? அந்தப் பிள்ளைட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

மும்தாஜ் அக்காவுக்கு ஐம்பது வயது. ஜெசிக்கு அவர் பிள்ளை. அந்த வார்த்தையில்தான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது. வெட்டிய நூலை ஒட்ட முடியாது. மறுபடி தைத்தால் அது அவர் தையல் இல்லை. அந்தத் துணியை எடுத்துவிட்டால் பதினோரு பேருக்குப் போட்டோ போகும், ஒருவருக்குப் போகாது. அதுவும் இரண்டு முறை கேட்டவருக்கு.

ஜெசி போனை என் கையில் கொடுத்தாள். தான் பேச மாட்டாளாம். வெட்டினவரே சொல்ல வேண்டுமாம்.

எங்களுக்குக் காலை பத்து. திருப்பூரில் ஆறரை. வீடியோவில் மும்தாஜ் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் குக்கர் சத்தம். நான் எத்தனையோ பேரை ஆல்டரேஷனுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்த பீஸோடு நிற்பது எப்படி என்று பழகியதில்லை. சுற்றி வளைத்து, பனியைப் பற்றியெல்லாம் பேசி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

அவர் அடுப்பை அணைத்தார்.

"வெட்டுன நூலை என்ன பண்ணுனீங்க சார்?"

"கையில வெச்சிருக்கேனுங்க்கா."

"அப்ப அதைத் துணிக்குக் கீழ வெச்சிருங்க. நம்ம வேலை எப்பவும் அப்படித்தானுங்களே. துணி ஒரு பக்கம் போகும், நூலு ஒரு பக்கம் போகும்." பிறகு, "போட்டோ மறந்துராதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோரி அம்மையார் ஒரு வெள்ளைத் தட்டு கொடுத்தார். நூல்களை அதில் வைத்து, துணியின் கீழே தரையில் வைத்தோம்.

மறுநாள் கிறிஸ்துமஸ். காலையில் மூன்று பேரும் ஜெபம் செய்தோம், ஜெசியும் ரூத்தும் தெரிந்த பாட்டெல்லாம் பாடினார்கள். வாசலில் ரூத் செய்த காகித நட்சத்திரம் பனியில் நனைந்து பாதி கிழிந்திருந்தது. பத்து மணிக்குக் கிடங்கைத் திறந்தோம். ஊரே வந்தது என்று சொல்லலாம். ஊரில் இருப்பதே அவ்வளவு பேர்தான். ஆளுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தார்கள்.

எல்லாரும் எந்தத் துணியைப் பாராட்டினார்கள் தெரியுமா? நான் வெட்டியதை. எவ்வளவு நேர்த்தி, எவ்வளவு சுத்தம் என்று குனிந்து குனிந்து வணங்கினார்கள். ரூத் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன? அப்புறம்தான் வெட்கமாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் பக்கத்து வீட்டு சாத்தோ அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஊரில் முன்பு ஒரு சின்னத் தையல் ஃபேக்டரி இருந்ததாம். மூடுகிறவரைக்கும் அங்கே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தவர். அவர் துணிகளைப் பார்க்கவில்லை. நூல்களை மட்டும் பார்த்தபடி ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தார். தட்டுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஒரு நூலை எடுத்து, நடு விரலிலிருந்து மணிக்கட்டு வரை வைத்து அளந்தார். இன்னொன்றை எடுத்து அளந்தார். பிறகு ரூத்திடம் ஏதோ கேட்டார்.

ரூத் என்னைப் பார்த்தாள்.

"அப்பா... இதைத் தச்சவங்களுக்குக் கண்ணு தெரியாதான்னு கேக்கறாங்க."

எனக்குப் புரியவில்லை. சாத்தோ அம்மா கையால் செய்து காட்டினார். ஊசி. ஊசிக்குள் நூல். நூலைக் குட்டையாக அறுத்தால் அடுத்த தையல் ஆரம்பிக்கும்போது ஊசியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மறுபடி கோக்க வேண்டும். கோக்கக் கண் வேண்டும். நீளமாக விட்டுவிட்டால் உருவாது, அந்த நீளம் அடுத்த துணியின் ஓரத்தில் தொங்கும். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, தானும் கடைசி வருஷங்களில் இப்படித்தான் விட்டேன் என்றார். சூப்பர்வைசர் திட்டுவாராம்.

நான் அந்த ஆளாகவே அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பத்து வருஷம். தினமும் பார்த்த நூல். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன்... அதைக் கண்டுபிடிக்கவில்லை. மொழி தெரியாத ஒரு அம்மா, முகம் பார்க்காமல், ஒரே நிமிஷத்தில் படித்துவிட்டார். கையெழுத்து என்று ஜெசி சொன்னபோது தலையை ஆட்டினேனே, அது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று திருப்பூரில் கிறிஸ்துமஸ் லீவு. மும்தாஜ் அக்காவைக் கூப்பிட்டேன். போனைத் திருப்பி அவர் துணியைக் காட்டினேன். முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் தன் வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. சாத்தோ அம்மா கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். கூட்டம் கலைந்ததும் வெளியே வந்து, பனியில் நின்றபடி, மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ஊசி கோக்கக் கண்ணு தெரியறதில்லைங்களா?"

அவர் திரும்பி வீட்டுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"கம்பெனியில சொல்லீராதீங்க சார். கைமடிக்குத் தள்ளீருவாங்க."

கைமடி என்றால் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற, மடித்துப் போடுகிற வேலை. சம்பளம் பாதி. அதைவிட, இத்தனை வருஷம் மிஷினில் உட்கார்ந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். யார் அப்படித் தள்ளுவது? அந்த மாதிரி லிஸ்ட் எழுதுவது யார்? நான்தான். அவர் என்னிடமேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டனுங்க்கா," என்றேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட ரூத்திடம் பனி அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது எழுதுகிறீர்களே என்று கேட்பீர்கள். ஜனவரியில் கம்பெனியில் ஒரு கண் பரிசோதனை வைத்தோம். யாரையும் மிஷினிலிருந்து இறக்க மாட்டேன் என்று முதலாளியிடம் முதலில் எழுதி வாங்கிக்கொண்டேன். கண்ணாடி தேவைப்பட்டது மும்தாஜ் அக்காவுக்கு மட்டும் இல்லை. லைனில் பாதிப் பேர் இப்போது வாத்தியார் அம்மாக்கள் மாதிரி இருக்கிறார்கள். நானும் என் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டேன். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, மும்தாஜ் அக்கா பேரை மாற்றச் சொன்னார். வேறு பேரும் அவரே கொடுத்தார். சின்ன வயதில் அவருக்குப் பிடித்த பேராம்.

ஒரே ஒரு விஷயம். கண்ணாடி வந்த பிறகும் நூலின் நீளம் குறையவில்லை. கேட்டால், "பழகிப் போச்சுங்க சார்" என்கிறார். நானும் லைனில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் விடட்டும், பின்னால் பிசிறு வெட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டேன். அவர்களும் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம் ஒன்றைத் தவிர.

சரி, மறுபடி அந்த மேஜைக்கு வருவோம். முதலாளி காத்துக்கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனியில் எந்தத் துணி எந்த லைனில் யார் கையில் தைத்தது என்பதை நம்பரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்கு நம்பர்கூடத் தேவையில்லை. ஒரு ஜாண்.

"தச்சதுல தப்பில்லைங்க," என்றேன். "பார்த்து வெட்டி அனுப்ப வேண்டியது நானுங்க. நான் விட்டுட்டேனுங்க."

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் இந்த வாக்கியத்தை என்னிடமிருந்து அவர் கேட்டதில்லை. "சரி, பெட்டி எல்லாத்தையும் மறுபடி பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் நானும் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் சிக்கவில்லை.

அன்று இன்ஸ்பெக்டர் அந்த நூலைக் கத்தரித்து, சாட்சிக்காக ரிப்போர்ட்டின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினார். அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்... ஒரே தாளில், மேலே மும்தாஜ் அக்கா, கீழே நான்.